நாய்க்குட்டி தேடிய கதை



சித்தூரில் குடியேறிய நாள்தொட்டு, நாய் ஒன்று வளர்க்க வேண்டுமென்னும் அவா எங்கள் இல்லத்தில் இருந்துவந்தது. வளர்த்தால் இராசபாளையம் நாய்தான். அதுவும் பால்போன்ற வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையதே வேண்டும் என்றோம். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்ற இனமன்றோ! ஊர்ப்பெருமை யாரை விட்டது?

சென்ற கோடையில் ஊருக்குச் சென்று, இரண்டு மாதக் குட்டிகளுள் மிக வெளுத்ததைத் தேர்ந்துகொண்டோம். உடன் வந்த எங்கள் அத்தையார் குட்டிகளுக்குப் பின்னால் நின்று கைதட்டினார். மற்றவை திரும்பின, அது திரும்பவில்லை. வெண்ணிற நாய்களுட் சில பிறவியிலேயே செவிடாதல் உண்டு. உட்செவியில் நிறமி உயிரணுக்கள் இல்லாமையே காரணம். எந்த வெண்மையை விரும்பிச் சென்றோமோ, அதனோடு வந்த குறை அது.

செவிட்டு நாயையும் கைச்சைகையால் பழக்கலாம். ஆயின் எங்கள் வீடு புத்தூர்ச் சாலையை ஒட்டியது. வண்டியோசை கேளாத நாய் அங்கே பிழைப்பது அரிது. ஆகவே, காதருகே பழுப்புப் புள்ளியுடைய, நன்கு செவி கேட்கும் குட்டியொன்றைக் கொணர்ந்தோம். திருப்பதிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டித் தடுப்பூசியும் போட்டாயிற்று.

விட்டுவந்த குட்டியை யார் கொள்வர் என்று பிள்ளைகள் இன்றும் கேட்கின்றனர். நாங்கள் விடை கூறவில்லை.