கேள்விக்கு முன்னால் நிற்பது

மேடையில் பேசுவதைக்கூடப் பலர் சமாளித்துவிடுகிறார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து கேள்வி கேட்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். நிருபர்கள் காத்திருந்தார்கள். கலாமை முன்னே தள்ளிவிடாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே பதில் சொல்ல வந்தார். தோல்விதான் என்று ஒப்புக்கொண்டார். என் குழுவை நம்புகிறேன் என்றார். 1980 ஜூலை 18-ல் அதே ரக ராக்கெட்டில் சென்ற ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டியது. அன்று நிருபர்களைச் சந்திக்கக் கலாமைத் தவான் அனுப்பிவைத்தார். கலாம் இதைப் பல மேடைகளில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்.

ஒரு கிராம சபைக் கூட்டத்தில் நானும் இப்படி ஒன்று பார்த்தேன். "தண்ணி எப்பம்மா வரும்?" என்று பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார். அங்கே வந்திருந்த இளம் அதிகாரி குறுக்கே பேசவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மைக்கில் அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொன்னார். பிறகு, "சரியான தேதி இப்ப என்கிட்ட இல்லீங்க ஐயா. விசாரிச்சு, வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில எழுதிப் போடறேன்" என்றார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குறுக்கிடாமல் கேளுங்கள். கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள். யோசிக்க நேரம் கிடைக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது சொல்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாம் தெரிந்தவருக்கு மட்டும் வருவதல்ல தைரியம். உள்ளதை உள்ளபடி சொல்கிறவருக்கும் அது தானாக வரும்.