கடிதமும் கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் பக்தியைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் காரியாலயக் கடிதம். "இதற்கும் ஒரு பிரசங்கமா?" என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. ஆகவே நாம் நேரில் கண்ட ஒரு சம்பவத்திலிருந்தே தொடங்குகிறோம்.

சில வருடங்களுக்கு முன், இந்த நமுனுகுல மலைச்சாரலில் 30 வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்த ஓர் அம்மையார் நம்மிடம் வந்தார். வேலையை விட்டு ஒன்றரை வருடமாகியும் அவருடைய சேவைக்காலப் பணம் கைக்கு வரவில்லை. "மூணு கடுதாசி போட்டாச்சுங்க ஐயா, ஒண்ணுக்கும் பதில் இல்லே" என்றார். பிரதி இருக்கிறதா என்று கேட்டோம்; இல்லை. யாருக்கு எழுதியது? "ஆபீசுக்குத்தான்." எந்தத் தேதியில்? "மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னுக்கு."

எழுதிக் கொடுத்த பையனை அழைத்து விசாரித்தோம். கணவர் இறந்ததையும் லயத்துக் கூரை ஒழுகுவதையும் உருக்கமாக எழுதியிருந்தான். ஆனால் அம்மையாரின் செக்ரோல் இலக்கம் இல்லை. வேலையில் சேர்ந்த தேதி இல்லை. விலகிய தேதி இல்லை. இன்ன பணம் வரவேண்டும் என்ற வாசகமும் இல்லை. கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் காரியாலயத்துக் கோப்பில் கண்ணீரைப் பதிய இடமில்லை. தேதியைப் பதிய இடமுண்டு.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் என்ன சொல்கிறது? 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருட சேவையைப் பூர்த்தி செய்தவருக்கு, நாட்கூலியானால் வருடத்துக்கு 14 நாட் சம்பளம் உண்டு. விலகிய 30 நாட்களுக்குள் அதைச் செலுத்த வேண்டும். அம்மையாருக்கு 30 வருடம். அதாவது 420 நாட் சம்பளம். அது கருணைத் தொகையன்று, உரிமைப் பணம். உரிமையைக் கேட்பதற்கு அழத் தேவையில்லை. ஆனால் சரியாகக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நண்பர்களே, காகிதம் நம் சமூகத்துக்குப் புதியதன்று. அக்காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுப்பார்; அந்தச் சீட்டோடு கூட்டங் கூட்டமாக நம் முன்னோர் தோட்டம் மாறினர். தங்களைப் பற்றி அதில் எழுதியிருந்ததைப் படிக்க அவர்களிற் பெரும்பாலோருக்குத் தெரியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. பின்னர் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி பிரஜாவுரிமை கேட்டபோது, மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் இந்நாட்டில் தொடர்ந்து வசித்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. லயத்திலே பிறந்து லயத்திலே வளர்ந்தவர்களிடம் பத்திரம் ஏது? பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. அந்தப் பிரஜாவுரிமைக் குறை தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்த நிலையை மாற்ற முனைந்தவர்களில் கோ. நடேசய்யர் முதன்மையானவர். 'வர்த்தகமித்திரன்' என்ற வணிகப் பத்திரிகையை நடத்தியவர் அவர். கணக்கும் கடிதமும் அறிந்த அவரே இலங்கைக்கு வந்து 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் கண்டார். வியாபாரிக்கு உதவும் எழுத்து தொழிலாளிக்கும் உதவும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இனி, கடிதம் எப்படி இருக்க வேண்டும்? இந்து வாலிபராகிய நமக்கு முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. பதினோராந் திருமுறையின் முதற் பாட்டாகிய திருமுகப் பாசுரம் ஒரு கடிதமே. ஆலவாய் இறைவன் பாணபத்திரருக்காகச் சேரமான் பெருமாளுக்கு விடுத்தது. எழுதுபவர் யார், பெறுபவர் யார், கொண்டு வருபவர் யார், செய்ய வேண்டியது என்ன? இந்நான்கும் அதில் உள்ளன. பாணரின் வறுமையைப் பற்றி நீண்ட புலம்பல் இல்லை. பொருள் கொடுத்து அனுப்புக என்பதோடு முடிகிறது.

அந்த முறையிலேயே அம்மையாருக்கு நாம் புதிய கடிதம் எழுதினோம். தோட்ட அதிகாரியின் பதவியும் விலாசமும் இட்டு, தேதியிட்டு, 'சேவைக்காலப் பணம் சம்பந்தமாக' என்று தலைப்பிட்டோம். "எனது பெயர் இன்னது, அடையாள அட்டை இலக்கமும் செக்ரோல் இலக்கமும் இவை. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன டிவிசனில் வேலை செய்தேன். எனக்குரிய சேவைக்காலப் பணம் இன்றுவரை கிடைக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அதனைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்ன தேதிக்குமுன் எழுத்தில் பதில் தரவும்." அவ்வளவே. தொழில் திணைக்களத்துக்கு ஒரு பிரதியை அனுப்பினோம். இரண்டையும் பதிவுத் தபாலில் சேர்த்து ரசீதை வாங்கி வைத்தோம்.

ஆறாவது வாரத்தில் பதில் வந்தது. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். இருவரும் ஒருவரா என்று கேட்டிருந்தார்கள். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பிய பின்பே பணம் வந்தது. அதற்குள் அம்மையார் அடகு வைத்திருந்த தோடு மூழ்கிப் போயிற்று. முதற் கடிதமே சரியாக எழுதப்பட்டிருந்தால் அந்தத் தோடு அவர் காதில் இருந்திருக்கலாம். ஆகையால் வாலிபர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாய் தந்தையரின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம் மூன்றையும் எடுத்து, பெயர் ஒரே விதமாக இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் வேலையில் இருக்கும்போதே திருத்துவது சுலபம்.

பிரதி வைத்துக்கொள்வதன் அவசியத்தைச் சுந்தரர் வரலாறு கற்பிக்கிறது. மணப்பந்தலில் முதியவராக வந்த இறைவன் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிந்தார். அது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்றார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலையைக் காட்டி, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்து வழக்கை வென்றார். ஆண்டவனே மூலத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். நாம் மூலப் பத்திரத்தையே தபாலில் அனுப்பிவிட்டு நிற்கலாமா?

எந்த மொழியில் எழுதுவது என்று பலர் தயங்குகிறார்கள். 1987இல் செய்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. 1988இன் 16ஆவது திருத்தம் அரச காரியாலயங்களுக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையைத் தந்தது. அரச காரியாலயத்திலுள்ள தகவல் வேண்டுமானால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மொழியுரிமை கம்பெனிகளைக் கட்டாது. அங்கே தமிழ்க் கடிதத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்ப்பது நலம்.

கொழும்பிலும் பதுளையிலும் உத்தியோகம் பார்க்கும் தம்பி தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. காரியாலயத்துக்குள் எழுதும் மெமோ கடிதத்தின் தம்பி. யார், யாருக்கு, எதைப் பற்றி, எந்தத் தேதிக்குள் என்பவற்றைச் சொல்லி நிறுத்துங்கள். ஒரு மெமோவில் ஒரு விஷயம் போதும். கோபம் வந்த நாளில் எழுதியதை மறுநாட் காலை படித்துவிட்டு அனுப்புங்கள். மின்னஞ்சலானாலும் கைப்பேசிச் செய்தியானாலும் இம்முறை மாறாது. தொலைபேசியில் பேசி முடித்த விஷயத்தையும் அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாளை உங்களில் சிலர் மேசைக்கு மறுபுறம் அமர்வீர்கள். அன்று ஏதோ ஒரு லயத்திலிருந்து இலக்கமுமில்லாமல் தேதியுமில்லாமல் ஒரு கடுதாசி வரும். அதைக் கோப்பின் அடியில் தள்ளாதீர்கள். இன்ன விபரம் தேவை என்று இரண்டு வரி எழுதுங்கள். கேட்கத் தெரிவது பாதி. கேட்டவருக்குப் பதில் சொல்வது மறுபாதி.

பெரியோர்கள் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இடுவார்கள். நல்ல வழக்கம், விடவேண்டாம். சுழிக்குப் பக்கத்தில் தேதியையும் இடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின், நமது சங்கத்து வாலிபர் நால்வர் பேனாவும் காகிதமுமாகக் கோவில் மண்டபத்தில் அமர்ந்து, வருகிற முதியோருக்கு எழுதிக் கொடுப்பார்களானால், அதுவும் ஆண்டவனுக்குச் செய்யும் திருத்தொண்டே.