காப்பாளர் என்னும் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நாம் இன்று ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொண்டோம். நம் காலனியில் சிறுவர் முதல் முதியவர் வரை நாள்தோறும் வழங்கும் 'கேர்டேக்கர்' என்னும் ஆங்கிலச் சொல்லே அது. குழாயில் நீர் வராவிடின் அவரைத் தேடுகிறோம். கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும்போது சாவியை அவரிடம் கொடுக்கிறோம். பயணியர் மாளிகையில் அறையைத் திறந்துவிடுபவர்க்கும் அதுவே பெயர். நோயுற்ற முதியவரின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்மணிக்கும் அதுவே பெயர். அடுத்த அரசு அமையும் வரை நாட்டை நடத்தும் அமைச்சரவைக்கும் அதுவே அடைமொழி. வாயிற்காவலர் முதல் பிரதமர் வரை ஒரே சொல்லால் குறிக்கப்படுவாராயின், அவர்களிடையே ஏதேனும் ஒரு பொதுத்தன்மை இருத்தல் வேண்டுமன்றோ?

தமிழில் இச்சொல்லுக்கு இடத்திற்கு ஏற்பப் பல பெயர்கள் உண்டு. மாணவர் விடுதியில் காப்பாளர், அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர், கோயில் சொத்துக்கு அறங்காவலர், பெற்றோரை இழந்த சிறுவர்க்குப் பாதுகாவலர். பழைய இலக்கியத்தில் காவலன் என்றால் அரசன். இன்று காவலர் என்றால் போலீஸ்காரர். குழந்தையின் கையில் அணிவதும் காப்பு. நூலின் தொடக்கத்தில் இறைவனை வேண்டிப் பாடுவதும் காப்பு.

ஆயினும் வீட்டுப் பேச்சில் நாம் இவற்றுள் எதனையும் சொல்வதில்லை. 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிறோம், அவ்வளவே. 'வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் காவல். 'அம்மாவைப் பார்த்துக்கொள்' என்றால் பணிவிடை. 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்றால் அன்பு. 'உன்னைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்' என்றால் பொருள் வேறு. அதை இங்கு விளக்க வேண்டுவதில்லை! கண் எங்கே இருக்கிறதோ அங்கே கருத்தும் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வழக்கின் உட்பொருள்.

இனி அரசியலுக்கு வருவோம். பத்திரிகைகள் 'காபந்து சர்க்கார்' என்று எழுதுவதைப் படித்திருக்கிறோம். நம் அரசியல் சட்டத்தில் இப்பெயர் இல்லை. ஆயினும் மக்களவை கலைந்தாலும் அமைச்சரவை இல்லாமல் நாடு இயங்கலாகாது என்று 1971-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1979 ஆகஸ்டில் பதவி விலகிய சரண்சிங், 1980 ஜனவரி வரை அப்பொறுப்பைத் தாங்கினார். 1999 ஏப்ரல் 17-ஆம் நாள் ஒரே ஒரு வாக்கால் தோற்ற வாஜ்பாயி அரசு, அக்டோபர் வரை அவ்வாறே தொடர்ந்தது. கார்கில் போர் நடந்தது அவ்விடைக்காலத்தில்தான். தற்காலிகப் பொறுப்பு என்பதால் கடமை சுருங்கிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வீட்டைக் காப்பவரைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பில் கூறியுள்ளது. காவலாளியோ பராமரிப்பாளரோ பணியாளரோ எத்தனை ஆண்டுகள் ஒரு வீட்டில் இருந்தாலும் அவ்வீட்டில் அவர்க்கு உரிமை பிறவாது என்பதே அது. ஆகவே, காப்பவர்க்கு மூன்று இலக்கணங்கள் அமைகின்றன. காக்கும் பொருள் அவருடையது அன்று. அவர் பொறுப்புக்கு ஒரு முடிவு உண்டு. முடிவில் கணக்குக் காட்டி ஒப்படைத்தல் வேண்டும்.

இவ்விலக்கணம் நமக்குப் புதியதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நோக்குவோம். ஏரியைக் காக்க ஏரி வாரியம். தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியம். குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாது போனவர் மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வுபெற இயலாது. நிலமும் கல்வியும் உடைய ஒரு சாராருக்கே அவ்வாய்ப்பு இருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. எனினும் ஏரி ஊருக்கு உரியது, வாரியத்தார்க்கு உரியதன்று என்னும் தெளிவு அங்கே கல்லில் எழுதப்பட்டது.

இதுவரை சொன்னது பொருளைக் காப்பது பற்றி. மனிதரைக் காப்பது இவ்விலக்கணத்துள் அடங்குமோ? வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தாயின் முதுமையை யாரிடம் ஒப்படைப்பது? நம்மிற் பலர் பிழைப்பின்பொருட்டு இவ்வடபுலத்தில் வாழ்கின்றோம். நம் பெற்றோர் தஞ்சையிலோ நெல்லையிலோ சேலத்திலோ தனித்திருக்கின்றனர். மாதச் சம்பளத்திற்கு ஒரு பெண்மணியை அமர்த்தி, 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுகின்றோம். பெற்றோரைப் பேணுவது மக்களின் சட்டக் கடமை என்று 2007-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் பணத்தைப் பெற்றுத்தரும். மாலையில் திண்ணையில் உடன் அமர்ந்து பேசுதற்கு ஓர் ஆளைப் பெற்றுத்தர எந்தச் சட்டத்தால் இயலும்?

நாம் செய்வது முற்றும் தவறு என்று இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. தொலைவு உண்மை, வேலை உண்மை, பிள்ளைகளின் படிப்பும் உண்மை. அமர்த்தப்பட்டவரிடம் அன்பு இராது என்று கருதுவதும் பிழை. சங்க இலக்கியத்தில் பெற்ற தாய்க்கு நற்றாய் என்றும், வளர்த்த தாய்க்குச் செவிலி என்றும் பெயர். காதலனுடன் சென்றுவிட்ட தலைவியைத் தேடிப் பாலை வழியில் அலைபவளாகப் புலவர்கள் பாடியது அந்தச் செவிலியை அல்லவா? இன்று மருத்துவமனைத் தாதியர்க்குச் செவிலியர் என்று பெயரிட்டு நாம் அவ்வுறவைப் போற்றுகிறோம். அத்தகைய உறவைக் கூலியோடு முடித்துவிடுதல் தகுமா?

நம் தாயைக் காக்கும் அப்பெண்மணி, தன் தாயை யாரிடம் விட்டு வந்தாள்? நம் காலனி வாயிலில் பனியிலும் வெயிலிலும் நிற்கும் சௌக்கிதாரின் வீட்டைக் காப்பவர் யார்? அவரும் நம்மைப்போல் ஊரைவிட்டு வந்தவரே. நம் கதவுகளையெல்லாம் அவர் அறிவார். அவருடைய ஊரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? காப்பவரைக் காப்பவர் இல்லையெனில், காவல் என்னும் சங்கிலி எங்கோ ஓரிடத்தில் அறுந்துவிடும்.

ஆதலின் நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஊரில் தனித்திருக்கும் பெற்றோரின் முகவரிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம்; விடுமுறையில் எவர் அவ்வழியே சென்றாலும், தம் பெற்றோரோடு பிறர் பெற்றோரையும் கண்டு வருவாராக. நம் காலனியைக் காக்கும் தொழிலாளர்க்கு வார ஓய்வும் நோய்க்கால உதவியும் கிடைக்கச் செய்வோம். மூன்றாவது, நம் நூலகத்து அலமாரியைப் பற்றியது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர், 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டுத் தமிழர் எல்லார்க்கும் வழங்கினார். பூட்டி வைத்தவர்களிடம் இருந்த சுவடிகளுட் பல செல்லரித்துப் போயின. நம் அலமாரியின் சாவியும் இனிப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். புத்தகம் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். படிப்பவர் இல்லாது போனால் என் செய்வது?

இம்மொழியும் இச்சங்கமும் நமக்கு முன்னிருந்தோர் ஒப்படைத்தவை. நமக்குப் பின் வருவோர் கணக்குக் கேட்பர். அன்று நாணாமல் விடையளிக்கும் வகையில் இவற்றைப் பார்த்துக்கொள்வோமாக.