பிள்ளைக்குப் பால் பத்தலையோ?

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி ஆகஸ்ட் முதல் வாரம் நம் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், நம் குடியிருப்புவாசி.)



குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் நம் வீடுகளில் விருந்தாளிக்குக் குறைவிருக்காது. பிள்ளை பெற்ற வீடென்றால், அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு தொட்டிலை எட்டிப் பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை மெலிஞ்சிருக்கே, பால் பத்தலையோ?" நாலு பேர் கேட்டால் போதும், மறுநாள் பால் டப்பா வீட்டுக்குள் வந்துவிடும்.

கேள்வி நியாயமானதுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 30, 35 கலோரி போதும். முதல் மாதக் குழந்தைக்குக் கிலோவுக்கு 100-க்கு மேல் வேண்டும். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70 கலோரி. ஆக, 3 கிலோ பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர். பிறந்தவுடன் அவ்வளவு தேவையில்லை. முதல் ஓரிரு நாள் கொஞ்சம் சீம்பாலே போதும். எடை சிறிது குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

இந்தக் கணக்கில் தண்ணீருக்கு இடமில்லை. சேனை வைப்பதும் சீனித்தண்ணீர் புகட்டுவதும் நம் ஆச்சிமார் அன்போடு செய்ததுதான். ஆனால் வயிறு ரொம்பி பிள்ளை உறங்கிவிடும். உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பதும் குறையும். டாக்டர் சொல்லிப் பவுடர் பால் கொடுக்க நேர்ந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; டப்பாவில் போட்ட அளவுப்படி கலக்குங்கள். சிக்கனம் பார்த்துத் தண்ணீரைக் கூட்டினால் வயிறு நிறையும், எடை ஏறாது.

ஊரெல்லாம் இதைச் சொன்ன நான் என் பேரன் விஷயத்தில் கோட்டைவிட்டேன். நல்ல சாரல் நேரம். துணி காயவில்லை என்று எந்நேரமும் டயபர். எத்தனை தடவை ஒன்றுக்குப் போனான் என்று யாருக்கும் தெரியாது. "சமத்தா உறங்குதான்" என்று நானே பெருமைப்பட்டேன். பதினைந்தாம் நாள் எடை போட்டால் பிறந்த எடையைவிட 200 கிராம் குறைவு! "அம்மா, நீ நர்ஸ்தானே?" என்று மகள் கேட்டதை இன்றும் மறக்க முடியவில்லை. மார்பை அவன் சரியாகக் கவ்வவில்லை, நுனியை மட்டும் சப்பியிருக்கிறான். டாக்டர் சொன்னபடி இரண்டு மணிக்கொரு தரம் எழுப்பி, பிடிக்கும் விதத்தை மாற்றி, மிச்சத்தைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டினோம். அடுத்த வாரமே எடை ஏறியது.

அழுகையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பசிக்கும் அழும், ஈரத்துக்கும் அழும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் மூத்திரம் போகிறதா என்று எண்ணுங்கள். காலண்டர் தாளில் கோடு போட்டால் போதும். குறைந்தாலோ, பிள்ளை எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ, வாய் வறண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய்க்கும் இந்த மாதங்களில் தினம் 600 கலோரிபோல் கூடுதலாக வேண்டும். பத்தியம் என்று ரசஞ்சோற்றோடு நிறுத்திவிடாதீர்கள். உளுந்தங்களி, முட்டை, மீன், கீரை எல்லாம் கொடுங்கள்.

என் வீட்டில் குழந்தை எடை பார்க்கும் தராசு இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாரும் வரலாம். வெறும் உடம்போடுதான் எடை போடணும், சாரல் காற்று அடிக்கும். காய்ந்த துண்டு ஒன்று கொண்டுவாருங்கள்.