உழைப்பாளியின் சேமிப்பும் சட்ட மாணவரின் ஆய்வும்



2023ஆம் ஆண்டிலே என் மாணவி ஒருத்தியின் தந்தையார், ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றொன்றைக் கையிலேந்தி என்னிடம் வந்தார். அரிசி ஆலையொன்றில் நெடுங்காலம் உழைத்தவர் அவர். "ஐயா, இந்தப் பணத்துக்கும் வரி உண்டோ?" என்று வினவினார். கலைப் பட்டதாரியாகிய யான் விடையறியாது நின்றேன்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்தது இந்நிதி. இன்று ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில் கொள்வோர் 12 பங்கும் இதற்குச் செலுத்துதல் வேண்டும். இப்பணத்தின் பெரும்பகுதி அரசின் திறைசேரி முறிகளில் இடப்பட்டுள்ளது.

2023ஆம் ஆண்டிலே உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. பழைய முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளைப் பெறும் ஓய்வுகால நிதிகளுக்கு, முறி வருமானத்தின்மீது 14 வீத வரியே நீடிக்கும். மறுப்பனவற்றுக்கு அது 30 வீதமாகும் என்று சட்டம் இயற்றப்பட்டது. நூறு ரூபா வட்டியில் 86 ரூபா எஞ்சுவதற்கும் 70 ரூபா எஞ்சுவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. சேமலாப நிதி புதிய முறிகளையே ஏற்றது. அங்கத்தவர் ஒவ்வொருவரையும் யாரும் கேட்டிலர். வரியோ நிதியின் வருமானத்திலேயே கழிந்துவிடுவதால், அவ்வுழைப்பாளியின் கூற்றிலே அது தென்படாது.

இதனைத் தெளிவுற விளக்க வல்லார் யாவர்? தொழிற் சட்டத்தை ஒரு பாடமாகவும் இறைவரிச் சட்டத்தை வேறொரு பாடமாகவும் மாணவர் கற்கின்றனர். உழைப்பாளியின் இடர்ப்பாடோ இரண்டும் கூடுமிடத்திலே பிறக்கின்றது. ஆகவே, நம் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்க்கு இத்துறையிலே வழிகாட்டலுடன் கூடிய ஆய்வு வாய்ப்புகள் வேண்டும் என்பேன். ஒருவர் சேமலாப நிதியையும், மற்றொருவர் 1980ஆம் ஆண்டின் சட்டத்தால் எழுந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்தையும், வேறொருவர் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தையும் வரிச் சட்டத்தோடு ஒப்பிட்டு ஆராயலாம்.

வழிகாட்டும் ஆசிரியர் எதற்கு எனக் கேட்பீர்கள். வரிச் சட்டம் அடிக்கடி திருத்தப்படுவது. சென்ற ஆண்டின் நூலை நம்பி எழுதிய விடை, இவ்வாண்டு ஒரு முதியவரைத் தவறான வழியில் செலுத்திவிடும். "எந்தப் பிரிவு? எந்தத் திருத்தம்? எந்நாள் முதல்?" என்று வரிதோறும் வினவுதற்கு அனுபவமுள்ள ஒருவர் அருகிருத்தல் வேண்டும்.

ஆய்வின் முடிவு நூலக அலுமாரியில் உறங்கலாகாது. எளிய தமிழிலும் சிங்களத்திலும் சில பக்கங்களாக வெளிவருதல் வேண்டும். அரச ஊழியனாகிய எனக்கு ஓய்வூதியம் உண்டு. அத்தந்தையார்க்கு அக்கூற்றிலுள்ள தொகையே முதுமைக்குத் துணை. அவர் வினாவுக்கு விடை கூறும் ஒருவரையேனும் நம் சட்டக் கல்வி உருவாக்குமாக.