கல் வேலையில் பழமையும் புதுமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனிக் கோயிலுக்குக் கருங்கல் திருப்பணி செய்வதென்று பொதுக்குழு முடிவு செய்திருக்கிறது. வேலையை உளி கொண்டு செய்விப்பதா, பொறி கொண்டு செய்விப்பதா என்பதில் அன்பர்களிடையே இரு கட்சிகள் உண்டாகியிருக்கின்றன. அதனாலேயே போலும், கல் வேலையைப் பற்றிச் சிறிது பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள்.

தாய்மார்களுக்கு இப்பொருள் புதிதன்று. 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று ஊரில் தெருத்தெருவாகக் கூவிச் செல்லும் குரலை நம்மில் வயது முதிர்ந்தோர் கேட்டிருக்கிறோம். அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்ட அம்மியில் மிளகாய் வழுக்குமேயன்றி மசியாது. சிற்றுளியால் பொளிந்து சொரசொரப்பாக்கினால் அம்மி மீண்டும் வேலைக்கு வரும். எங்கே வழவழப்பு வேண்டும், எங்கே வேண்டாம் என்னும் இந்த அறிவு கோயில் தளத்துக்கும் பொருந்தும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாம் குடியிருக்கும் தில்லியின் பழங்கட்டடங்களில் பெரும்புகழ் பெற்றவை செங்கோட்டையும் ஹுமாயூன் கல்லறையும். அவற்றின் சிவப்பு மணற்கல் உளிக்கு எளிதில் இணங்குவது. மக்ரானாச் சலவைக்கல்லையோ இரும்புக் கத்தியாலேயே கீறலாம். நம் நாட்டுக் கருங்கல் அத்தகையதன்று. கத்தி அதன்மேல் வெறுமனே வழுக்கிப் போகும். சலவைக்கல்லில் காணும் சல்லடை வேலையைக் கருங்கல்லில் தேடுவது முறையன்று. உருவத்தின் திரட்சியிலேயே கருங்கல் சிற்பி அழகு காட்டுவான். (காஞ்சி வரதராசர் கோயில் மண்டபத்துக் கற்சங்கிலியை நினைத்து யாரோ புன்னகை புரிவது தெரிகிறது. அது விலக்கு!)

இத்துணைக் கடினமான கல்லை முன்னோர் எவ்வாறு வசப்படுத்தினர்? பாறையில் ஒரே வரிசையாகச் சிறு குழிகள் தோண்டி, அவற்றில் ஆப்புகளை இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறி அடித்து வருவர். பாறை அந்த வரிசை வழியே பிளந்து கொடுக்கும். மாமல்லபுரத்துப் பாறைகளில் இக்குழிகளை இன்றும் காணலாம். அங்கே முற்றுப்பெறாது நிற்கும் வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதமும், முற்றுப்பெற்றவற்றைக் காட்டிலும் சிறந்த ஆசிரியர்கள் என்பேன். மேலே சிகரம் உருப்பெற்றிருக்கும். கீழே வெறும் பாறை. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே இறங்கினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. முடியாத குகைகளிலோ, பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, நடுவில் நிற்கும் மேட்டைத் தட்டி வீழ்த்திய அடையாளம் அப்படியே இருக்கிறது.

கல்லைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. தட்டினால் மணிபோல் ஒலிக்கும் கல்லைச் சிலைக்குக் கொள்வர். ஒலி மங்கிய கல்லை ஒதுக்குவர். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை அடங்கிவிடும். செவிக்கு எட்டாத ஒலியலைகளைக் கல்லினுள் செலுத்தி விரிசல் காணும் இன்றைய கருவியும் இதே நெறியைத்தான் பின்பற்றுகிறது.

இனிப் புதிய முறைகள். வைரத்துகள் பதித்த மணிகளைக் கோத்த கம்பிவாள், தண்ணீர் சொரியச் சொரியப் பாறையை அறுக்கிறது. வெடி வைத்தால் கல்லுக்குள் நுண்ணிய விரிசல் விழும். கம்பிவாளில் அக்குறை இல்லை. சிற்பக் கூடத்தருகே உலை வைத்து, மழுங்கிய உளியைக் காய்ச்சி அடித்துத் தோய்த்துப் பதமாக்கும் வேலையையும் கார்பைடு முனை உளி பெரிதும் குறைத்துவிட்டது. இவற்றை வேண்டாம் என்பவர் சிற்பியின் தோள்வலியை அறியாதவர்.

இரு முறைகளும் கூடிய வேலையைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இந்தியா கேட்டில் 2022 செப்டம்பர் 8 அன்று திறக்கப்பெற்ற நேதாஜி சிலையைப் பாருங்கள். தெலங்கானாவின் கம்மத்திலிருந்து 280 டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல், 140 சக்கரங்கள் கொண்ட வண்டியில் 1,665 கிலோமீட்டர் பயணம் செய்து இங்கு வந்தது. அருண் யோகிராஜ் முதலிய சிற்பிகளின் 26,000 மணி நேர உழைப்பில் 28 அடிச் சிலையாயிற்று. பழைய செதுக்கு முறையும் புதுக் கருவிகளும் அதில் சேர்ந்து பணிபுரிந்தன. சிலையின் எடை 65 டன். எஞ்சிய 215 டன்?

சில்லும் தூளுமாகப் போயிற்று. எந்தக் கல் வேலைக்கும் இது பொது. இங்குதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. உளி கல்லைச் சில்லுகளாகப் பெயர்க்கிறது. விரைந்து சுழலும் வைரத் தகடோ கல்லை மாவினும் நுண்ணிய பொடியாக்குகிறது. உளி வேலையிலும் தூசி உண்டு. பழைய சிற்பிகளும் இருமினார்கள். ஆயினும் பொறி எழுப்பும் தூசி மிகுதி. கண்ணுக்குத் தெரியாத அதன் துகள்கள் நுரையீரலின் அடிவரை செல்லும். கருங்கல்லிலும் மணற்கல்லிலும் உள்ள சிலிக்கா அங்கே தங்கி, சிலிக்கோசிஸ் என்னும் நோயை விளைவிக்கிறது. அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. உளிக்கு இணங்கும் மணற்கல்லில் சிலிக்கா மிகுதி என்பதையும் அறிதல் வேண்டும். ராஜஸ்தானத்தில் சிரோகி மாவட்டத்துப் பிண்டுவாராவில் கோயில்களுக்கென்று கல் செதுக்கிய இளைஞர் பலர் இந்நோய்க்கு இரையாயினர். இத்தகைய நோயாளிகளுக்காக அம்மாநில அரசு 2019-இல் தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது.

பரிகாரம் அரிதன்று. அறுக்கும் இடத்தில் தண்ணீர் பாய்ந்தால் தூசி சேறாகிக் கீழே விழும். அதனுடன் தூசியை உறிஞ்சும் குழாயும், தக்க முகமூடியும் வேண்டும். மூக்கில் துண்டைச் சுற்றிக்கொள்வது பயன்படாது. தண்ணீர் விட்டால் வேலை தாமதமாகும், கோடு தெரியாது என்று ஒப்பந்தக்காரர் சொல்லக்கூடும். தாமதமாகட்டும்.

ஆகவே இரு கட்சியாருக்கும் என் விண்ணப்பம் இது. தூணையும் பாவுகல்லையும் பொறி அறுக்கட்டும். முகமும் விரலும் மலரும் உளிக்கே உரியவை. 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் பயின்றோரை அதற்கு அழைக்கலாம். பிராகாரத் தளத்துக்கு மெருகேற்றிய கல் வேண்டவே வேண்டாம். அபிஷேக நீர் பட்டால் முதியோர் வழுக்கி விழுவர். அம்மியைக் கொத்துவது போல அதனைக் கொத்தியே பாவ வேண்டும். தண்ணீரின்றி எந்தக் கல்லையும் பொறியால் அறுக்கலாகாது என்ற நிபந்தனையை ஒப்பந்தப் பத்திரத்தில், பணம் பற்றிய ஷரத்துக்கு முன்பாகவே எழுதிச் சேர்க்குமாறு திருப்பணிக் குழுவினரை வேண்டிக்கொள்கிறேன். கல் அறுக்கும் கூடத்துக்கு மாதம் ஒருமுறை நம்மில் இருவர் நேரில் சென்று பார்த்து வரலாம். முதல் மாதத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.