லெஃப்ட் விங்ல இருந்து பின்னால: மைக்கேல் சூசைராஜ்

கிரிக்கெட் பேசிப் பேசி நமக்கே அலுத்துப்போச்சு. இன்னைக்கு ஃபுட்பால், அதுவும் நம்ம ஊர் ஃபுட்பால்.

தூத்தூர்ல இருந்து நீரோடி வரைக்கும் இருக்கிற கடற்கரை ஊர்கள்ல பையன்களுக்கு முதல் விளையாட்டே பந்துதான். அந்த வரிசையில இரவிபுத்தன்துறையில 1994-ல பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். இடதுகால்காரர். மணல்ல ஓடிப் பழகின கால் புல்தரையில எவ்வளவு வேகமா போகும்னு அவர் விளையாடுறதைப் பார்த்தா தெரியும்.

சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்ல ஆடினார். 2017-18 சீசன் தொடங்கின சில நாள்லயே, நவம்பர் 30 அன்னைக்கு, ஒக்கி புயல். ஆழ்கடலுக்குப் போன நம்ம ஆட்கள் பலர் திரும்பி வரவே இல்ல. அந்தச் சீசனை வெறும் கோல் கணக்கா மட்டும் என்னால பார்க்க முடியல.

அடுத்து ஜாம்ஷெட்பூர். ஆஸ்திரேலியாவோட டிம் கேஹில் இருந்த அதே அணி. 2019-ல தாய்லாந்துல நடந்த கிங்ஸ் கோப்பையில இந்திய ஜெர்சியும் கிடைச்சுது.

எனக்குப் பிடிச்ச பகுதி இதுக்கு அப்புறம்தான். ஏடிகே அணிக்குப் போனதும் கோச் ஹபாஸ் இவரை விங்-பேக் ஆக்கிட்டார். பின்னால மூணு டிஃபென்டர், இடது ஓரம் முழுக்க இவர் ஒருத்தர் பொறுப்பு. பந்து நம்மகிட்ட இருந்தா முன்னால ஓடி கிராஸ் போடணும், பறிபோனா அதே வேகத்துல திரும்பி வந்து எதிராளியை மறிக்கணும். கோல் போட்டுப் பழகின ஆளுக்கு இது லேசான வேலை இல்ல, பேரும் குறைச்சல்தான். ஆனா அந்த அணி 2020 மார்ச் 14-ல சென்னையின் அணியை 3-1-னு ஜெயிச்சு ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்குச்சு. கொரோனா காலம், கோவா ஃபட்டோர்டா மைதானத்துல பார்க்க ரசிகர் ஒருத்தர்கூட இல்ல. (எங்க வீட்டுல மட்டும் நல்ல சத்தம்!)

எட்டு மாசம் கழிச்சு, நவம்பர் 20. புது சீசனோட முதல் மேட்ச், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரா. கால்மணி நேரம்கூட ஆகல, முழங்கால் போச்சு. சுபாசிஷ் போஸ் உள்ளே வந்தார். சூசைராஜுக்கு அந்தச் சீசனே முடிஞ்சுது.

ஓட்டத்தை நம்பி வாழுற விங்-பேக்குக்கு முழங்கால்தான் முதல். 26 வயசு, ஒரு ஆட்டக்காரர் நல்லா முற்றி வர்ற நேரம். அப்புறம் 2022-ல ஒடிசா அணிக்குப் போனார். பழைய இடத்தைத் திரும்பப் பிடிக்கிறது கஷ்டம். நீங்க இல்லாத நாள்ல வேற ஒருத்தர் அங்க செட்டில் ஆகியிருப்பார்.

2019-20 மேட்ச் கிளிப் கிடைச்சா பாருங்க. பந்தை விட்டுட்டு இடது கோட்டை மட்டும் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.